ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடுங்காத கை

மகனுக்கு,

இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்ததே போதும். உன்னோடு பேசவில்லை என்று சொல்லவரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதைப் பேச்சு என்று நீ எடுத்துக்கொள்ளலாம், நான் எடுத்துக்கொள்வதில்லை. சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போனில் எழுதாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டில் இருக்கும் இரண்டு போன்களையும் உன் அம்மா எடுத்துப் பார்ப்பாள். நீ அனுப்பிய படங்கள் எதில் வந்தாலும் அவளுக்கு வேண்டும். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அவள் கொள்ளேகாலில் கன்னடப் பள்ளியில் படித்தவள். வீட்டில் பேசியது தமிழ்தான், ஆனால் ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. உனக்கு மட்டும் நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். "ஸ்கூல்ல கன்னடா, வெளிய இங்கிலீஷ், இது எதுக்குப்பா?" என்று சிணுங்குவாய். இதற்குத்தான் என்று வைத்துக்கொள். எழுத்துக் கூட்டியாவது படி. உன்னால் வேகமாகப் படிக்க முடியாது என்பதில் எனக்கு ஒரு திருப்திகூட இருக்கிறது.

விஷயம் இதுதான். தசரா முடிந்ததும் அம்மாவுக்கு மூளையின் இன்னொரு பக்கமும் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று சர்ஜன் சொல்கிறார். அவள் மாட்டேன் என்கிறாள். "தம்பி வேண்டாம்னுட்டானுங்களே" என்று உன்னைச் சொல்வதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை. நீ வேண்டாம் என்று சொன்னது, போனில் உனக்குக் காட்டப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்து. இந்த வீட்டில் நான் தினமும் பார்க்கிற பெண்ணை நீ பார்த்ததே இல்லை.

உன் மாமா மகளின் கல்யாணம் கொள்ளேகாலில் நடந்தபோது நீ வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தாய். பந்தியில் உன் அம்மா பாயசம் பரிமாறிக்கொண்டு வந்தாள். கரண்டி இலைக்கு வருவதற்குள் பாதி பாயசம் ஒரு பெரியவரின் வேட்டியில் கொட்டிவிட்டது. அவர் துண்டால் துடைத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த அவளுடைய அத்தை மகள்தான், "ஏ புள்ள சரோசா, மேளக்காரன் வரதுக்கு முந்தியே உன்ற கை தாளம் போடுது?" என்றாள். பந்தியே சிரித்தது. உன் அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வாளியைக் கீழே வைத்தாள், முந்தானைக்குள் கையை விட்டுக்கொண்டாள். வெளியாட்கள் முன்னால் அந்தக் கை அதன்பிறகு முழுதாக வெளியே வந்ததில்லை. பார்க்கின்சன் என்ற பெயர் எங்களுக்குத் தெரிந்ததே பிறகுதான். ஐம்பது வயதுகூட ஆகாதவளுக்கு அது வரும் என்று நான் நம்பவில்லை. டாக்டரோடு சண்டை போட்டேன். சண்டை போடுவது ஒன்றுதானே எனக்குக் கைவந்த கலை என்று நீயே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய்.

மாத்திரை போட்டால் கை அடங்கும். சில மணி நேரத்தில் அதன் வேகம் தீர்ந்துபோகும். முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு தோள்வரை ஆட ஆரம்பிக்கும். கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும் நேரம் அவளுக்கு மனப்பாடம். அதற்கு அரைமணி முன்பே ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, முகம் கழுவிப் பவுடர் போட்டு, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். நீ தாமதமாகக் கூப்பிட்ட நாட்களில், "சார்ஜ் இல்ல கண்ணு, அப்புறம் பேசறேன்" என்று பாதியில் வைத்திருக்கிறாள் அல்லவா? போனில் சார்ஜ் இருந்தது. மாத்திரையின் வேகம்தான் தீர்ந்துவிட்டிருந்தது.

"டாக்டர் சொன்ன நேரத்தை உன் இஷ்டத்துக்கு மாத்தறே, இது விளையாட்டா?" என்று கேட்டால், "வாரத்துல ஒரு நாளுங்க. அத்தன தூரத்துல தனியாக் கெடக்கறான். இதையப் பாத்துட்டு எப்படித் தூங்குவான்?" என்பாள். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தியவன். என் பேச்சை வகுப்பில் கேட்டார்கள். வீட்டில் யாரும் கேட்டதில்லை. என்னிடம் படித்தவனையே கொண்டுவந்து எனக்கு மேல் துறைத் தலைவராக உட்காரவைத்த நிர்வாகத்தைக்கூட மன்னித்துவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுத நினைத்தேன். மன்னிக்கவில்லை, எதற்குப் பொய்.

உன் கல்யாணத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்கேயே பதிவு செய்துகொண்டு, அதைப் போனில் எங்களுக்குக் காட்டினாய். எங்களைக் கூப்பிடாதது எனக்கு இன்னும் ஆறவில்லை, அது வேறு. அன்றைக்குப் பதிவு அலுவலகத்தில் ஏதோ தாமதமாகி நேரம் நீண்டுபோனது. கடைசியில் நீங்கள் இருவரும் கேமரா முன் குனிந்து, "ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா" என்றீர்கள். உன் அம்மா கையை உயர்த்தவில்லை. "நல்லா இருங்க சாமி" என்று வாயால் மட்டும் சொன்னாள். மாமியாருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று உன் மனைவி நினைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த நேரத்தில் மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டிருந்தது. கையை உயர்த்தியிருந்தால் ஆடியிருக்கும். மடியில் ஒரு கையை இன்னொரு கையால் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதை உன் மனைவியிடம் இன்றைக்காவது சொல்.

மூளையின் ஆழத்தில் மெல்லிய கம்பியைப் பொருத்தி, நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேட்டரியை வைத்து, விடாமல் சிறு மின்துடிப்புகளை அனுப்பினால் நடுக்கம் குறையும் என்று டாக்டர்கள் சொன்னபோது, நான் எலெக்ட்ரானிக்ஸ்காரன் என்பதால் உடனே புரிந்துவிட்டதாக நினைத்தேன். புரியாத இடம் ஒன்றுதான்: அதை முழித்திருக்கும்போதே ஏன் செய்ய வேண்டும்? மயக்க மருந்து டாக்டர் ஓர் இளம்பெண், மண்டியாப் பக்கத்துக்காரர். கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். கம்பியை நடுவதற்கு முன் முடியைவிட மெல்லிய நுனியுள்ள ஒரு எலெக்ட்ரோடை உள்ளே இறக்குவார்களாம். அந்த நுனி பக்கத்திலுள்ள செல்களின் மின்துடிப்பைப் பிடித்து ஸ்பீக்கரில் சத்தமாகக் கொடுக்கும். இறங்க இறங்கச் சத்தம் மாறும். சில இடங்கள் அமைதியாக இருக்கும். அவர்கள் தேடுகிற இடம், கடலைப் பருப்பு அளவுகூட இருக்காது, அது வந்ததும் தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் இரைச்சல் எழும். அந்த இரைச்சல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் எல்லை. மயக்க மருந்து, மூளையில் ஏற்கெனவே அடக்கி வைக்கும் வேலை செய்கிற ரசாயனத்துக்குப் பலம் கொடுக்கிறது. அந்தச் செல்கள் அடங்கிவிடும். மழை தூறலாகிவிடும். எல்லை கலங்கிவிடும். தூங்குகிறவர்களுக்கு நடுக்கமும் இருக்காது; கம்பி சரியான இடத்தில் வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

"வால்யூமைக் கூட்டிக்கலாமே?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார். "நீங்கதான் சார் சொல்லணும். பேசாம இருக்கறவன் முன்னால மைக்கை வெச்சு வால்யூமைக் கூட்டினா அவன் பேசுவானா?" என்றார். என் மாணவர்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. சில இடங்களில் முழு மயக்கத்திலேயே ஸ்கேன் படங்களை வைத்துச் செய்கிறார்கள், அவர்களுக்கும் நன்றாகத்தான் ஆகிறது, எல்லா மருந்தும் ஒரே அளவுக்கு அடக்குவதில்லை என்றும் சொன்னார். ஆனால் இவர்களுடைய முறை, கேட்டுச் செய்வது. துளை போடும்வரை லேசான மருந்து கொடுத்துவிட்டுப் பிறகு நிறுத்திவிடுவார்கள். இன்னொரு கண்டிப்பு: முதல் நாள் மாலையிலிருந்து நடுக்கத்துக்கான மாத்திரை ஒன்றுகூடப் போடக் கூடாது. நோய் தன் முழு உருவத்தோடு வந்து நிற்க வேண்டும்.

இதையெல்லாம் நான் உனக்குச் சொன்னேன். நீ கேட்கவில்லை. "முழிச்சிருக்கறப்பவே அம்மா மண்டைய ஓட்டை போடுவாங்களா? கசாப்புக் கடையாப்பா அது? நீங்க வேணா ஒத்துக்கோங்க, நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாய். நான் குரலை உயர்த்தியதும் நீ வேறு ஒன்றைச் சொன்னாய். "சின்ன வயசுல தாடையில தையல் போட்டப்ப நீங்கதான் என் காலைப் புடிச்சு அழுத்துனீங்க. மரத்துப்போறதுக்கு முன்னாலயே ஊசி எறங்குச்சு. நான் கத்தினது உங்களுக்கு ஞாபகம் இருக்காது." ஞாபகம் இருக்கிறது. பார்க்கில் ஊஞ்சலிலிருந்து விழுந்த நாள். பிடிக்காமல் விட்டிருந்தால் ஊசி கழுத்தில் ஏறியிருக்கும். இன்றைக்கும் அப்படித்தான் பிடிப்பேன். ஆனால், அம்மாவுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் நீ போனில் கத்தினாய் என்பது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. என்னைக் குத்துகிறாய் என்று மட்டும் புரிந்தது. போனை வைத்துவிட்டேன். நீ நேராக அந்த மயக்க மருந்து டாக்டருக்கே போன் போட்டு, என் அம்மா எதையும் உணரக் கூடாது என்று சொன்னாய். அம்மாவிடமும் சொன்னாய். அவளுக்கு அது உத்தரவு.

ஆபரேஷன் அன்று காலை தலையை மழித்துவிட்டிருந்தார்கள். நீ வீடியோவில் பார்க்க வேண்டும் என்றாய். நான் நர்ஸிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். உன் அம்மா தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். இரண்டும் ஆடவில்லை. "அம்மா, சூப்பரா இருக்கீங்க. இதப் பாத்தா ஆபரேஷனே வேண்டாம் போல இருக்கே" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் பக்கத்தில் நின்று, பதற்றத்தில் உடம்பு எப்படியெல்லாம் மாறுகிறது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை வருடம் கூடவே இருந்தவன். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

உள்ளே நடந்ததைப் பிறகு டாக்டர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். துளை போட்டாயிற்று, லேசான மருந்தை நிறுத்தினார்கள். எலெக்ட்ரோடு இறங்க ஆரம்பித்ததும் உன் அம்மா பயந்துவிட்டாள். "பய படபேடி அம்மா, நான் பக்கத்துல இருக்கேன்" என்று அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டாராம். "தம்பி சொன்னானில்லம்மா, தூங்க வெச்சுருங்க" என்று இவள் அழுதிருக்கிறாள். நீயும் சொல்லியிருந்தாய், இவளும் கேட்கிறாள். கொஞ்சம் கொடுத்தார். ஸ்பீக்கரில் கூடிக்கொண்டு வந்த இரைச்சல் அப்படியே இறங்கிப்போனது. மருந்தை நிறுத்திக் காத்திருந்தார்கள். சத்தம் மெல்லத் திரும்பியது. ஆனால் கை ஆடவில்லை. நோயாளி முழித்திருக்கிறாள், நடுக்கம் மட்டும் வரவில்லை. கம்பியில் மின்சாரத்தைக் கொடுத்தாலும் எடுத்தாலும் கை ஒரே மாதிரி இருக்கிறது. மாத்திரை எதுவும் போட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லீங்க" என்று சொல்லியிருக்கிறாள். மயக்கம் அரைகுறையாகத் தெளிந்ததில் குழப்பம் வேறு. இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்த தலையை அசைக்கப் பார்த்து, வீட்டுக்குப் போகணும் என்று கத்த ஆரம்பித்துவிட்டாள். கிடைத்த சத்தத்தையும் படங்களையும் வைத்து ஒரு பக்கம் மட்டும் கம்பியைப் பொருத்திவிட்டு, மறுபக்கத்தைத் தொடாமல் முடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண் வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. "சாரி சார். என் மருந்தோட வேகம்தான் இன்னும் இறங்காம இருந்திருக்கும். நான் கொடுத்திருக்கக் கூடாது" என்றார். அதை நான் அப்படியே உனக்குச் சொன்னேன். நீ மருத்துவமனைக்குப் புகார் எழுதினாய். அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து வார்டில் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா கேட்டாள்: "ஏனுங்க, அன்னிக்குக் காலைல தம்பி பாத்தானில்ல? கை ஆடுனது தெரிஞ்சிருக்குமா?"

"ஆடவே இல்லையே."

"அது போதுமுங்க" என்றாள். அப்படி ஒரு நிம்மதி அந்த முகத்தில். கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது.

"மாத்திரை போட்டியா?"

போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "பாதிதானுங்க. தண்ணிகூடக் குடிக்கல, மென்னுட்டேன்" என்றாள். தண்ணீர் குடிக்கக் கூடாது என்ற கட்டளையை மீறவில்லை என்பதில் அவளுக்குப் பெருமை. நான் கத்தினேன். அந்தப் பொண்ணு தன் தப்புன்னு அழுதுட்டுப் போயிருக்கு, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவள் என் கையை இழுத்துத் தன் தலைக்கட்டின்மேல் வைத்துக்கொண்டாள். "என்ற தல மேல சத்தியம் பண்ணுங்க. தம்பிகிட்ட நீங்க சொல்லப்படாது. அவன் கூப்புட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு நெனச்சு நெனச்சுச் செத்துருவான்." கட்டுக்கு அடியில் தையல் இருந்தது. கையை அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. சரி என்றேன்.

இப்போது வலது கை ஆடுவதில்லை. தானே பிசைந்து சாப்பிடுகிறாள், கோலம்கூடப் போடுகிறாள். இடது பக்கம் நாளுக்கு நாள் மோசமாகிறது. புடவைக் கொசுவம் வைக்க இரண்டு கை வேண்டும். நான்தான் மடித்துச் சொருகிவிடுகிறேன். ஒழுங்காக வராது, "சந்தைக்காரன் மூட்டை கட்ற மாதிரி கட்றீங்க" என்று திட்டுகிறாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறாள், கவனித்தாயா? உன் திரையில் அவளுடைய வலது பாதி மட்டுமே தெரியும். அதைப் பார்த்துத்தான், "அம்மா இப்பவே நல்லாத்தானே இருக்காங்க, மறுபடி எதுக்கு அந்த ஆளுங்ககிட்ட போறீங்க?" என்றாய்.

சர்ஜன் மறுபக்கத்தையும் செய்யத் தயாராக இருக்கிறார். அந்த டாக்டரும் வருகிறேன் என்றிருக்கிறார், நீ எழுதிய புகாருக்குப் பிறகும். ஆனால் உன் அம்மா முழித்திருக்க வேண்டும். முதல் நாள் மாலையிலிருந்து மாத்திரை இல்லாமல், உடம்பு முழுக்க ஆட, வெட்கப்படாமல் அந்த மேஜையில் படுத்திருக்க வேண்டும். நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். நீ பார்த்துவிடுவாய் என்ற பயம் இருக்கும்வரை எங்கேயாவது ஒரு பாதி மாத்திரையை ஒளித்துவைத்திருப்பாள்.

அதனால் நீ செய்ய வேண்டியது இது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாதே. ஒரு புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, இங்கே விடிந்ததும், முதல் மாத்திரைக்கு முன்னால் கூப்பிடு. சொல்லாமல் கூப்பிடு. அவள் போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைப்பாள், முகத்தை மட்டும் காட்டுவாள், சார்ஜ் இல்லை என்பாள். விடாதே. கையைக் காட்டச் சொல். காட்டுவதற்கு நேரமாகும், அழுவாள். நீ அழாதே, அழுதால் திரும்பவும் ஒளித்துக்கொள்வாள். பார்த்துவிட்டு, பரவாயில்லம்மா, நான் பாத்துட்டேன் என்று சொல். பிறகு, முழிச்சிருந்தே பண்ணிக்கோங்க என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். நான் சொல்லியும் டாக்டர்கள் சொல்லியும் ஆகாதது அந்த ஒரு வார்த்தையில் ஆகிவிடும் என்பது எனக்கு எவ்வளவு கசப்பாக இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன். அந்த டாக்டர் மேல் கொடுத்த புகாரையும் எழுதித் திரும்பப் பெற்றுக்கொள். அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் எப்படி எழுதுவது என்று நீயே யோசி. நீ என்னைவிடக் கெட்டிக்காரன்.

குற்ற உணர்ச்சியில் டிக்கெட் போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம். வந்தால் தடுக்க மாட்டேன். நீ அவளைக் கூப்பிட்டதாலோ தூங்கவைக்கச் சொன்னதாலோ அவளுக்குக் கெடுதல் செய்தாய் என்று நான் எழுதவில்லை. கோபம் போய்விட்டது என்றும் எழுதவில்லை. அவள் இனி எத்தனை காலம் தன் கையால் சாப்பிடுவாள் என்பதற்கு முன்னால் என் கோபத்தை ஓரமாக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நீ கூப்பிட்டதும் அவள் முதலில் கேட்கப்போவது, "அப்பா சொன்னாரா?" என்பதைத்தான். நான் சொன்னேன் என்று தெரிந்தால் ஆபரேஷன் பேச்சையே எடுக்கவிட மாட்டாள். என்னோடும் பேச மாட்டாள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். தலையில் கை வைத்துச் செய்த சத்தியத்துக்கு இப்படிச் சந்து கண்டுபிடிப்பது அசிங்கம்தான். ஆனாலும் இதன் அடியில் என் பெயரோ அப்பா என்ற சொல்லோ இருக்காது. உறையின் பின்பக்கம் அனுப்பியவர் விலாசமும் இருக்காது. "அப்பாகிட்டருந்து எனக்கு ஒண்ணும் வரலம்மா, நானாத்தான் கூப்பிட்டேன்" என்று நீ கண் இமைக்காமல் சொல்ல வேண்டும். அவள் இப்போது வாசலில் கீரைக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள். உள்ளே வருவதற்குள் உறையை ஒட்டிவிட்டு, பால் வாங்கப் போவதாகச் சொல்லிக் கிளம்ப வேண்டும். கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.